காப்புக் கட்டிய கிரந்திப்பூ

அந்த வருசம் ஐப்பசி மழை ஓய்ந்த எட்டாம் நாள், ஆனைக்கரட்டுப்பட்டிக்கு மேலே இருக்கிற காட்டிலிருந்து ஒரு கிரந்திப்பூச் செடி இறங்கி, விறகுக்காரர்கள் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை வழியாக, யாரிடமும் வழி கேட்காமல் ஊருக்குள் வந்து, டெய்லர் போதுராசு வீட்டு நிலைப்படிக்கு முன்னால் நின்றது. போதுராசுவின் அப்பாவுக்கு அப்போது ஒன்பது நாள் காய்ச்சல். கோலப்பொடியோடு வெளியே வந்த போதுராசுவின் மனைவி, கோலம் போடுகிற இடத்தில் செடி நிற்பதைப் பார்த்தாள், கோலத்தை ஒரு முழம் தள்ளிப் போட்டாள், உள்ளே போய், "மாமாவுக்கு மருந்து வந்து வாசல்ல நிக்கிது, எந்திரிங்க" என்று புருசனை எழுப்பினாள்.

அவ்வளவுதான். ஊரே கூடி வாயைப் பிளந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்றைக்கு ரேசன் கடையில் பாமாயில் போட்டார்கள், எல்லோரும் அங்கே நின்றார்கள்.

செடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விஷ்ணுகிரந்தி என்று மருந்துக்கடை டப்பாவில் எழுதியிருக்கும், ஊர்ப் பேச்சில் கிரந்திப்பூ. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தரையோடு படர்ந்திருக்கும். தண்டு நூல் மாதிரி, இலை பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய மயிரோடு. பூ சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனால் அந்த நீலம் இருக்கிறதே, இங்க் பேனா கசிந்து வெள்ளைச் சட்டைப் பையில் மெல்ல ஊறிப் படரும் அந்த நீலம், பார்த்தவர்கள் ஒரு நிமிசம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதை மறப்பார்கள். வெயில் ஏறும்போது விரியும், உச்சிப்பொழுதுக்குள் சுருட்டிக்கொள்ளும். இத்தனூண்டு பூவுக்குள் இத்தனை வேலை இருப்பதுதான் பெரிய விசயம்: காய்ச்சலுக்குத் துளசியோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள், ரத்தசீதபேதிக்குத் தயிரில் அரைத்துக் கொடுப்பார்கள், மூச்சிழுப்புக்குக் காய்ந்த இலையைப் புகை போடுவார்கள், மறதிக்குப் பாலில், முடி கொட்டினால் எண்ணெயில். காட்டில் எருமைக் குளம்படியில் நசுங்கிக் கிடந்தாலும் மறுநாள் பூக்கும்.

செடி நடந்து போவதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தால் நின்றது. பால் பொங்குகிறதா என்று அடுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு முழம் தள்ளி நின்றது. போன தடத்தில் ஈர மண் மட்டும் கோடு கோடாக இருந்தது.

போதுராசுவின் அப்பா மூன்றாம் நாள் எழுந்து சுருட்டுக் கேட்டார். செடி அங்கிருந்து கிளம்பிச் சத்துணவுக்கூட ஆயா வீட்டுக்குப் போனது, அவளுக்குச் சீதபேதி. அங்கிருந்து கணக்கு வாத்தியார் வீட்டுக்கு. வாத்தியார் தன் சைக்கிளை எங்கே விட்டோம் என்று நாலு வருசமாகத் தேடிக்கொண்டிருந்தவர். பாலில் கலந்து குடித்ததும் சைக்கிள் இருந்த இடம் ஞாபகம் வந்தது, அதோடு சின்ன வயசில் யாருக்கோ தாலி கட்டுவதாக வாக்குக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது, அதைச் சொல்லித் தொலைத்ததால் அவர் மனைவி ஒரு வாரம் சோறு போடவில்லை. வழுக்கைத்தலை காசிமாயன் மட்டும் தினமும் விடியும் முன்பே வாசலைக் கூட்டிச் சாணி தெளித்து வைத்துக் காத்திருந்தான். அவன் வீட்டுப் பக்கம் செடி எட்டியும் பார்க்கவில்லை. "வழுக்கை நோயில்லையாக்கும்? நான் படுறது எனக்குத்தான தெரியும்" என்று அவன் தெருவில் நின்று கத்தினான்.

பத்து நாளில் ஊர் பழகிவிட்டது. செடி நிற்கிற தெருவில் ஆடுகளைக் கட்டிப்போட்டார்கள், கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தார்கள், பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பறிப்பதற்கு முறையும் வந்தது, அல்லது மூலிகைக்கு எப்போதும் இருக்கிற முறைதான், மறந்திருந்தவர்களுக்கு நினைவு வந்தது: இரும்பு படக் கூடாது, நகம் படக் கூடாது, பறிப்பவரின் நிழல் செடிமேல் விழக் கூடாது, உயிரைக் காப்பாற்ற எடுத்துக்கொள்கிறேன் என்று செடியிடம் கேட்க வேண்டும், ஒரு பிடிக்கு மேல் கூடாது. ஒரு பிடி பறித்த இடம் மறுநாள் நிறைந்திருக்கும். அடுத்த வீட்டு வாசலில் நிற்பதைத் திருட்டுத்தனமாகப் பறித்தால் வெறும் தழை. அதையும் காசிமாயன்தான் சோதித்துப் பார்த்துச் சொன்னான். வனத்துறைக் காவலர் ஒருவர் வந்து செடியைச் சுற்றி வந்தார், காட்டுப் பொருளை ஊருக்குள் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டார். அதுவாக வந்தது என்றார்கள். அதையே எழுதிக்கொண்டு போனார்.

பிறகு செடி பெரியதனம் சுருளியப்பன் வீட்டுக்கு வந்தது. கோயிலுக்கும் ஊருக்கும் அவர்தான் பெரியதனம், அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் மனைவி அங்கம்மாளுக்குப் பதினோரு வருசமாக இழுப்பு. படுத்துத் தூங்கினதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான். மூன்று நாள் புகை போட்டதும் அங்கம்மாள் நாலாம் நாள் காலையில் கோயில் படி இருபத்திரண்டையும் நிற்காமல் ஏறி, மேலே போய் நின்று, மூச்சை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, கீழே நின்ற புருசனைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். பெரியதனம் அன்றைக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை ஊர் பார்த்தது.

ஐந்தாம் நாள் செடி கிழக்கே திரும்பியது.

கிழக்கே ஊர் முடிந்து எல்லைக்கல் இருக்கிறது. கல்லைத் தாண்டினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் முப்பத்தொரு குடிசை. காட்டைச் சரணாலயம் ஆக்கினபோது மலையிலிருந்து இறக்கிவிடப்பட்ட சனங்கள். பன்னிரண்டு வருசமாக அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. ஊரில் அதை "அங்கிட்டு" என்றார்கள். கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கிட்டுப் போய்க் கூப்பிடு. கோயில் பந்தலுக்கு மூங்கில் வேண்டுமென்றால் அங்கிட்டுச் சொல்லிவிடு. பந்தலுக்குள் உட்காருவதற்கு மட்டும் யாரும் அங்கிட்டுச் சொல்லிவிட்டதில்லை.

செடி யாரைத் தேடிப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிட்டு வெள்ளைத்தாயி வீட்டில் அவள் நாத்தனார் காத்தாயிக்குப் பதினைந்து நாளாகக் காய்ச்சல்.

வெள்ளைத்தாயிக்கு வயசு இருபத்திரண்டு. புருசன் ஏலக்காய் எடுக்கக் கேரளத்துக்குப் போயிருந்தான், வீட்டில் அவளும் காத்தாயியும்தான். இரண்டு பேரும் சண்டை போடாத நாளில்லை, ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி சாப்பிட்ட நாளுமில்லை. வெள்ளைத்தாயி அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை கூட்டிப்போனாள், ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் இரண்டு நாள் இறங்கும், மூன்றாம் நாள் மறுபடி அடுப்பு மாதிரி ஏறும். மலைக்குப் போய்க் கிரந்திப்பூ தேடினாள். அந்த வருசம் காட்டில் ஒரு கிரந்தி பூக்கவில்லை, பூக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு செடியிலேயே பூத்துவிட்ட மாதிரி. அதனால் அவள் ஓடைக்கரையில் நின்று, செடி கிழக்குத் தெருவில் தினம் பத்து முழம் பதினைந்து முழம் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தாயியிடம் போய்ச் சொன்னாள்:

"ஏடி, ஒன்னையப் பொண்ணு பாக்க வருது. எந்திரிச்சித் தலையச் சீவு."

"வரட்டும் மதினி," என்றாள் காத்தாயி கண்ணைத் திறக்காமல். "மாப்ள குட்டையா?"

"குட்டைதேன். ஊதாச் சட்டை."

"ஒனக்கு வாச்சவனுக்கு இது தேவல."

செடி எல்லைக்கல்லுக்கு பன்னிரண்டு முழத் தூரத்தில் வந்தபோது பெரியதனம் பங்குனியில் சாட்ட வேண்டிய கோயில் பொங்கலைக் கார்த்திகையிலேயே நாள் குறித்துச் சாட்டினார். சாமியிடம் பூப்போட்டு வாக்குக் கேட்டார்கள், பல்லியும் சொன்னது. பல்லி எதற்கும்தான் சொல்லும். பொங்கல் சாட்டினால் காப்புக் கட்ட வேண்டும். காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு ஊரில் உள்ள எந்த உயிரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, தண்ணீர் நெருப்பு தழை எதுவும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது, காப்புக் கட்டின கை எல்லைக்கல்லில் படவும் கூடாது. ஆம்பளைகள் எல்லோரும் வரிசையில் நின்று மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். மூலிகைக்கும் காப்புக் கட்டுகிற பழக்கம் உண்டு, பறிப்பதற்கு முந்தின நாள் ஓடிப்போகாமல் இருக்கக் கட்டுவது. பெரியதனம் ஒரு கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டினார், இன்னொரு கயிற்றைக் கிரந்திப்பூவின் தண்டில் கட்டினார். இரண்டு காப்பையும் ஒரே முடிச்சில் முடிந்த மாதிரி ஆகிவிட்டது. சாமிக்குக் கட்டினதா செடிக்குக் கட்டினதா என்று பிரித்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

செடி எல்லைக்கல் வரை வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. ஆனால் அதன் கொடியெல்லாம் கிழக்கே நீண்டு, இழுத்துக்கொண்டு, கட்டுத்தறியில் கட்டின கன்று தாயைப் பார்த்து இழுக்கிற மாதிரி கிடந்தது. பூவெல்லாம் ஓடையைப் பார்த்தே விரிந்தன.

மறுநாள் காலையில் வெள்ளைத்தாயி எல்லைக்கல்லுக்கு வந்தாள். கல்லுக்கு அந்தப்பக்கம் புங்கமரத்தடியில் பெரியதனம் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிப் பதினேழு பேர்.

"பெரியதனம், அவுத்து விடுங்க," என்றாள்.

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீக. செடியத்தேன். அது எங்க வீட்டுக்கு வருது."

"அதுல ஒங்க வீட்டு அட்ரஸ் எழுதியிருக்கோ?"

"போதுராசு அண்ணன் வீட்டு அட்ரசும் எழுதல. அங்க போகலையாக்கும்?"

காசிமாயன் சிரித்துவிட்டான். பெரியதனம் திரும்பிப் பார்த்ததும் இருமினான்.

"ஏத்தா, கட்டுன காப்ப எட்டு நாளைக்கு எவனும் அவுக்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது. சாமி குத்தமாயிரும்."

"எட்டு நாள் எங்க காத்தாயி தாங்க மாட்டா."

பெரியதனம் கெட்ட ஆளில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருசம் பெண்டாட்டி மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டே படுத்தவர். செடி போய்விட்டால் அந்தச் சத்தம் திரும்ப வரும் என்று பயந்தார். பயந்த ஆள் செய்கிறதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கக் கெட்ட ஆள் செய்கிறது மாதிரியேதான் இருக்கும்.

"அப்ப ஒரு பிடி பிடுங்கி இங்கிட்டுப் போடுங்க."

"தழை எல்லை தாண்டக் கூடாது. தாண்டுனாலும் ஒங்க வாசல்ல பறிக்காத தழை வெறுந்தழை. ஒனக்கே தெரியும்."

"எல்லைன்னா எது?"

"இந்தா, கண்ணு முன்னால நிக்கிதே, கல்லு. கல்லு இருக்கிற எடந்தேன் எல்லை. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து அதுதேன்."

வெள்ளைத்தாயி கல்லைப் பார்த்தாள். முழங்கால் உயரம், குடம் மாதிரி உருண்டை, மஞ்சள் பூசிப் பூசித் தடித்திருந்தது.

"கல்லு இருக்கிற எடந்தேன் எல்லை."

"ஆமா."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க பெரியதனம். வேற எதாச்சும் இருந்தாலும் சொல்லிருங்க. வேலி, வாய்க்கா, வரப்பு?"

"எத்தன வாட்டிம்மா சொல்றது? கல்லு இருக்கிற எடம் எல்லை! போ, போய் அந்தப் பிள்ளைக்கு நெத்தியில ஈரத்துணி போடு."

பதினேழு பேர் கேட்டார்கள். காப்புக் கட்டின பெரியதனம் வாயால் சொன்னது சாமி சொன்னதற்குச் சமம்.

வெள்ளைத்தாயி வீட்டுக்குப் போனாள். காத்தாயியின் உதடு வெடித்திருந்தது, வெள்ளைத்தாயியை அவள் அம்மா என்று நினைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள், பிறகு தெளிந்து, "நீயா மதினி, மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்க, பயமாருக்கு" என்றாள். வெள்ளைத்தாயி அவளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்தாள், கடப்பாரையையும் மூங்கில் கட்டுகிற நீளக் கயிற்றையும் எடுத்துக்கொண்டாள்.

உச்சிவெயில். ஊர் முழுக்கக் கோயிலில் கூழ் ஊற்றுகிற இடத்தில் இருந்தது, கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. எல்லையில் அங்கம்மாள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து செடிக்குக் காவல் இருந்தாள். பொம்பளைகளுக்குக் காப்புக் கட்டுகிற வழக்கமில்லை, அவள் கையும் வெறுங்கைதான்.

வெள்ளைத்தாயி கல்லுக்கு வெளிப்பக்கம் நின்று தோண்ட ஆரம்பித்தாள். அங்கம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னத்தா பண்ற?"

"எல்லைய நகட்டுறேன்."

"ம்," என்றாள் அங்கம்மாள். வெற்றிலையை மடித்தாள். அரை மணி நேரம் கழித்து, "கீழயும் இதே ஒசரத்துக்கு இருக்கும், இன்னுந் தோண்டு" என்றாள்.

கல் சாய்ந்தது, பிடுங்கிக்கொண்டு வந்து உருண்டது. வெள்ளைத்தாயி அதன் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தோளில் போட்டு, கிழக்கே பார்த்து இழுத்தாள். இப்படித்தான் ஆனைக்கரட்டுப்பட்டியின் எல்லை, அதன் பாட்டன் பூட்டன் காலத்துக்குப் பிறகு முதல்தடவையாக, ஒரு முழம், இரண்டு முழம், பத்து முழம் என்று, புல்லை நசுக்கிக்கொண்டு, மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு, ஒரு பொம்பளையின் தோள்பட்டைக்குப் பின்னால் போனது.

முதலில் பார்த்தவன் காசிமாயன். அவன் போட்ட சத்தத்தில் கொட்டு நின்றது. ஊர் கூழ்க் கலயத்தோடு ஓடிவந்தது, கல் இருந்த குழியின் விளிம்பில் வந்து நின்றது, நின்றவர்கள்மேல் பின்னால் வந்தவர்கள் மோதினார்கள்.

"பிடிங்கடா அவள!" என்று பெரியதனம் கத்தினார்.

"எப்பிடிப் பிடிக்க?" என்றான் போதுராசு. "எல்லை தாண்டணுமே."

"எல்லை இங்கதான் இருந்துச்சு!"

"இருந்துச்சு. இப்ப அங்க போகுதே."

பூசாரியைக் கேட்டார்கள். பூசாரி வானத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், போகிற கல்லைப் பார்த்தார். "கல்லு இருக்கிற எடம் எல்லைன்னு காப்புக் கையோட பெரியதனம் சொல்லியாச்சு. கல்லு வரைக்கும் போகலாம். கல்லத் தாண்டக் கூடாது. கல்லத் தொடவும் கூடாது," என்றார். அவருக்கே அது சரியாக வந்ததில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அப்படியே ஊர் கல்லுக்குப் பின்னால் நடந்தது. கல் ஒரு முழம் போனால் ஊர் ஒரு முழம் போனது. கல் நின்றால் ஊர் நின்றது. மஞ்சள் கயிறு கட்டின இருநூறு கை, ஒன்றாலும் கல்லைத் தொட முடியவில்லை, முன்னால் இழுக்கிறவள் நாலு எட்டுத் தூரத்தில் இருந்தாள், நாலு எட்டைத் தாண்ட ஒருத்தனாலும் முடியவில்லை. அதனால் வாயால் என்ன முடியுமோ அதைச் செய்தார்கள். வெள்ளைத்தாயி திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை, "கத்துறவுக கத்துங்க, கூழ் ஆறிப்போகும்" என்றாள். கூட்டத்தின் காலுக்கு நடுவில், யாரும் மிதிக்காமல், கிரந்திப்பூவும் கழுத்தில் காப்போடு வந்துகொண்டிருந்தது. சனம் தன்னையறியாமல் அதற்கு வழி விட்டு நடந்தது.

ஓடையில் கல் மாட்டிக்கொண்டது.

தண்ணீர் கணுக்கால்தான், ஆனால் சேறு. கல் பாதி வரை இறங்கி உட்கார்ந்துவிட்டது. வெள்ளைத்தாயி இழுத்தாள், கயிறு தோளில் தோலை உரித்தது. எதிர்க்கரையிலிருந்து அங்கிட்டுப் பொம்பளைகள் இறங்கி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள், ஒன்பது பேர், பத்துப் பேர், கல் அசையவில்லை. வெள்ளைத்தாயி சேற்றில் முழங்கால் போட்டு விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கரையில் நின்ற ஊர் மெல்லச் சத்தத்தை நிறுத்தியது. அவள் ஜெயிக்கக் கூடாது என்றுதான் வந்தார்கள், ஆனால் அந்த இடத்தில் அவள் அப்படி விழுந்து எழுவதைப் பார்க்க முடியவில்லை, எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. குடிசைப் பக்கமிருந்து, காத்தாயியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்த பெண், "ஏ வெள்ளைத்தாயி, சீக்கிரம் வா, பிள்ளைக்குக் கண்ணு சொருகுது" என்று கத்தினாள்.

அப்போது அங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். ஓடையில் இறங்கினாள்.

"ஏ அங்கம்மா! ஒனக்குக் குளுந்த தண்ணி ஆகாது!" என்றார் பெரியதனம்.

"ஆகாதுதேன்," என்றாள் அவள். "பதினோரு வருசம் நான் மூச்சுக்குத் தவிச்சப்ப நீங்க எம் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தீக. ஒங்களால ஒண்ணும் பண்ண முடியல, நான் குத்தம் சொல்லல. இப்ப ஒரு பிள்ளையக் காப்பாத்த முடியும், பாத்துக்கிட்டு நிக்காதீக." பிறகு தோளைக் கல்லில் கொடுத்து, "இழுங்கத்தா" என்றாள்.

அவள் கையில் காப்பு இல்லை, அவளை எந்த முறையும் தடுக்கவில்லை. அவள் தள்ளினாள். அவள் தள்ளுவதைப் பார்த்துக் காப்புக் கட்டாத மற்றப் பொம்பளைகள் இறங்கினார்கள், போதுராசுவின் மனைவி, சத்துணவு ஆயா, வாத்தியாரின் மனைவிகூட. கல் சேற்றிலிருந்து உறிஞ்சுகிற சத்தத்தோடு புறப்பட்டு, கரையேறி, முப்பத்தொரு குடிசையையும் ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசிக் குடிசைக்கும் அந்தப்பக்கம், கள்ளிப்புதரை ஒட்டி வந்து நின்றது.

எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அங்கம்மாள் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது, பழைய இழுப்பு. அவள் நேரே கல்மேல் உட்கார்ந்தாள்.

"எந்திரி," என்றார் பெரியதனம். "சாமிக் கல்லு."

"முடியல. மூச்சு வந்ததும் எந்திரிக்கிறேன்."

"எப்ப வரும்?"

"அது வரும்போது வரும். இந்தக் கல்லத் திருப்பி உருட்டணும்னா என்னையும் சேத்துத்தேன் உருட்டணும், நல்லா யோசிச்சிக்கங்க."

பெரியதனம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் ஊர் உட்கார்ந்தது. வேறு வழியும் இல்லை, எல்லைக்குள்தான் இருந்தார்கள். காசிமாயன் பக்கத்தில் இருந்த குடிசையைப் பார்த்து, "ஏக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா" என்று கேட்டான்.

அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் செடிக்குப் போகத் தோதாக இருந்தது. எல்லோரும் கல்லையும் அங்கம்மாளையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது வெள்ளைத்தாயியின் குடிசைக்குள் போய், காத்தாயி படுத்திருந்த பாயின் ஓரத்தில் நின்றுவிட்டது. உச்சிப்பொழுதுக்குச் சுருட்டிக்கொள்ள வேண்டிய பூ, பொழுது சாயப் போகிற நேரத்தில், குடிசையின் இருட்டில், இருக்கிற பூவெல்லாம் விரித்துக்கொண்டு நின்றது.

வெள்ளைத்தாயி சேற்றுக் கையைக் கழுவினாள். நிழல் விழாத பக்கமாகக் குந்தினாள். செடியிடம் முறையாகக் கேட்க வேண்டிய வார்த்தைகள் உண்டு, அவளுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "எடுத்துக்கிறேன்," என்றாள். "இவ சண்டக்காரி. ஆனா எனக்கு வேணும்."

நகம் படாமல் விரல் சதையால் ஒரு பிடி பறித்தாள். செடி விட்டுக்கொடுத்தது, கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. பெரியதனம் கட்டின காப்பு மட்டும் தண்டில் அப்படியே இருந்தது, அதை அவள் தொடவில்லை. துளசி போட்டுக் கொதிக்க வைத்தாள். அந்த நீலம் முழுவதும் தண்ணீரில் இறங்கியது. காத்தாயியின் தலையை மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். முதல் கரண்டி வெளியே வந்தது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவது கரண்டிக்குக் காத்தாயி முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பார்த்து வெள்ளைத்தாயி நாலாவது கரண்டியை மொண்டாள்.

விடியும்போது காத்தாயிக்கு வேர்த்தது. நெற்றியில், கழுத்தில், முதுகில், பாய் நனைகிற அளவுக்கு வேர்த்தது. கோழி கூவினபோது உடம்பு தொட்டால் ஆள் உடம்பு மாதிரி இருந்தது.

காத்தாயி கண்ணைத் திறந்தாள். பாய்க்குப் பக்கத்தில் நீலமாக ஏதோ இருப்பதைப் பார்த்தாள். தலையைத் திருப்பினாள். குடிசைக்குள் சுவரை ஒட்டிச் சாய்ந்தும் சரிந்தும் யார் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் வாயைத் திறந்து குறட்டை விட்டார், அவர் தோளில் சாய்ந்து ஒரு பொம்பளை சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுத் தூங்கினாள், ஒரு வழுக்கைத்தலை செடிக்குப் பக்கத்தில் முடிந்தவரை நெருங்கிப் படுத்திருந்தது. காத்தாயி மெல்லத் தலையைத் தூக்கி, திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள்.

"மதினி," என்றாள், குரல் ஓட்டைச் சட்டி மாதிரி இருந்தது. "நம்ம வாசல்ல எதுக்கு இம்புட்டுச் செருப்பு கெடக்கு?"

"ஊரு உள்ள ஒறங்குது," என்றாள் வெள்ளைத்தாயி. "சத்தம் போடாமப் படு."